கோல் விழுந்ததும் கத்தலாமா, காத்திருக்கணுமா? விஏஆரும் அதன் மாற்றுகளும்

2019 ஏப்ரல் 17. மான்செஸ்டர் சிட்டியும் டாட்டன்ஹாமும் மோதிய சாம்பியன்ஸ் லீக் காலிறுதி. 90 நிமிடம் தாண்டி இன்ஜுரி டைம் ஓடிக்கொண்டிருக்கிறது, சிட்டியின் ஸ்டெர்லிங் பந்தை வலைக்குள் தள்ளுகிறார், பயிற்சியாளர் கார்டியோலா கோட்டோரமாகத் துள்ளி ஓடுகிறார், மைதானமே எழுந்து நின்று அலறுகிறது. அப்புறம் வீடியோ அறையிலிருந்து வரும் பேச்சைக் கேட்க நடுவரின் கை காதுக்குப் போனது. அகுவேரோ ஆஃப்சைடு, அதாவது பந்தைத் தட்டிய கணத்தில் எதிரணியின் கடைசித் தடுப்பாட்டக்காரரைத் தாண்டி நின்றுவிட்டார், கோல் இல்லை. இரண்டு ஆட்டமும் சேர்த்து 4-4, எதிரணி மைதானத்தில் அடித்த கோல் கணக்கில் டாட்டன்ஹாம் அரையிறுதிக்குப் போனது.

தீர்ப்பு சரிதான், அதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் அன்றிலிருந்து கோல் விழுந்தால் முதலில் நடுவரின் காதைப் பார்க்கிறேன், அப்புறம்தான் கத்துகிறேன். இந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் இப்போது உலகத்தில் புழக்கத்தில் இருக்கும் நான்கு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியது: வீடியோவே வேண்டாம் என்பது, இப்போதிருக்கும் விஏஆர் (தனி அறையில் வீடியோ பார்த்து நடுவருக்குச் சொல்லும் உதவி நடுவர்), முடிந்ததையெல்லாம் இயந்திரத்திடம் விடுவது, கிரிக்கெட்டின் டிஆர்எஸ் மாதிரி பயிற்சியாளர் கேட்டால் மட்டும் திரும்பப் பார்ப்பது.

வீடியோவே வேண்டாம் என்பவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. ஸ்வீடனில் கிளப் ஓட்டுகளில் பெரும்பான்மை உறுப்பினர்களிடம்தான் இருக்க வேண்டும் என்பது விதி, அந்த உறுப்பினர்கள் வேண்டாம் என்றார்கள், அங்கே முதல் டிவிஷனில் இன்றுவரை விஏஆர் வரவில்லை. நார்வேயில் 2024-ல் ரோசன்போர்க், லில்லெஸ்ட்ரோம் ஆட்டத்தில் ரசிகர்கள் டென்னிஸ் பந்தும் மீன் வடையும் வீசி ஆட்டத்தையே நிறுத்தினார்கள், ஆனாலும் 2025 மார்ச்சில் அவர்களுடைய கால்பந்து சங்கம் வாக்கெடுப்பு நடத்தி விஏஆரை வைத்துக்கொண்டது. அந்த ரசிகர்களின் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் என்னால் அவர்கள் பக்கம் போய் நிற்க முடியவில்லை. 2009-ல் பாரிஸில் பிரான்ஸின் ஆன்றி கையால் பந்தைத் தடுத்து சக ஆட்டக்காரர் கால்லாஸுக்குக் கொடுத்தார், அது கோலானது, அயர்லாந்து உலகக் கோப்பைக்கே போகவில்லை. அடுத்த வருஷம் உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் லாம்பார்ட் அடித்த பந்து ஜெர்மனியின் கோல் கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்து வெளியே வந்தது, டிவி பார்த்த குழந்தைக்கும் தெரிந்தது நடுவருக்கும் லைன்ஸ்மேனுக்கும் தெரியவில்லை. 2-2 ஆகியிருக்க வேண்டிய ஆட்டம் 4-1 என்று முடிந்தது. தப்பும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்று அந்த அயர்லாந்து ஆட்டக்காரர்களின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

சரி, விஏஆருக்கு வருவோம். கோல், பெனால்டி, நேரடி சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை காட்டுவது, இந்த நான்கு விஷயத்துக்கு மட்டும்தான் அறை தலையிடலாம், அதுவும் தெளிவான, வெளிப்படையான தப்பாக இருந்தால்தான் என்று வைத்துத்தான் இதைத் தொடங்கினார்கள். காகிதத்தில் அருமையான விதி. 2018 உலகக் கோப்பையில் கசானில் பிரான்சுக்குக் கிடைத்த பெனால்டிதான் உலகக் கோப்பை வரலாற்றில் இந்த முறையில் வந்த முதல் பெனால்டி. அதே கோப்பையின் இறுதி ஆட்டத்தில் குரோஷியாவின் பெரிசிச் கையில் பந்து பட்டது, 1-1 என்று இருந்தது ஸ்கோர், நடுவர் மானிட்டரைப் பார்த்துவிட்டு நகர்ந்தவர் மறுபடியும் திரும்பி வந்து பார்த்துவிட்டுத்தான் பெனால்டி கொடுத்தார். இரண்டாவது தடவை பார்க்க வேண்டியிருந்தால் அது வெளிப்படையான தப்பா என்று அன்றைக்கே கேட்டேன், இன்றைக்கும் கேட்கிறேன். ஸ்லோ மோஷனில் ஓட்டினால் எந்தக் கையும் பந்தைத் தேடிப் போகிற மாதிரிதான் தெரியும். உண்மையான வேகத்தில் அது கண் இமைக்கும் நேரம்.

இந்த அறையின் பெரிய குறை காமிராவில் இல்லை, தீர்ப்பு சொன்னவர் ஒருவர், அதைச் சோதிப்பவர் இன்னொருவர் என்பதில்தான் இருக்கிறது. 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோலை எடுத்துக்கொள்ளுங்கள். லைன்ஸ்மேன் கொடி தூக்கினார். அறையில் இருந்தவர்கள் கோடு போட்டுப் பார்த்தார்கள், ஆஃப்சைடு இல்லை என்று சரியாகவே கண்டுபிடித்தார்கள். ஆனால் மைதானத்தில் கோல் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ‘சோதனை முடிந்தது’ என்று சொல்லிவிட்டார்கள், நடுவர் அதை ஆஃப்சைடு சரி என்று எடுத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார். பின்னால் வெளியிட்ட ஒலிப்பதிவில் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லும் குரலும் கேட்கிறது. ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டதால் விதிப்படி திரும்பிப் போக முடியாது என்று அப்படியே விட்டுவிட்டார்கள். கடைசியில் லிவர்பூலின் மாட்டிப் தன் வலைக்குள்ளேயே தட்டிவிட்ட கோலில் அந்த அணி 2-1 என்று தோற்றது.

இதே கோலை மற்ற மூன்று வழியிலும் ஓட்டிப் பாருங்கள். வீடியோவே இல்லையென்றால் கொடியோடு கோல் போயிருக்கும், அதாவது அத்தனை காமிரா இருந்தும் கிடைத்த அதே முடிவு. தானியங்கி ஆஃப்சைடு இருந்திருந்தால் கோடு போட ஆள் வேண்டியிருக்காது, கொடியை மாற்று என்ற செய்தி சில விநாடியில் வந்திருக்கும். பயிற்சியாளர் அழைப்பு இருந்திருந்தால் லிவர்பூல் பயிற்சியாளர் க்ளாப் கேட்டிருப்பார், கோல் இல்லை என்று சொன்ன அதே நடுவர் தானே மானிட்டருக்குப் போயிருப்பார். தான் என்ன தீர்ப்பு சொன்னோம் என்பது அவருக்கே குழம்பியிருக்காது.

இயந்திரத்தைப் பற்றி எனக்கு ஆரம்பத்தில் சந்தேகம் இருந்தது, கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு மனசு மாறினேன். ஆஃப்சைடில் கஷ்டமான கேள்வி கால் எங்கே இருக்கிறது என்பது இல்லை, பந்தைத் தட்டிய கணம் எது என்பதுதான். விநாடிக்கு 50 படம் எடுக்கும் காமிராவில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் 20 மில்லி விநாடி இடைவெளி. விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடுகிறவர் அந்த இடைவெளியில் 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார், எதிர்ப்பக்கம் ஓடும் தடுப்பாட்டக்காரரையும் சேர்த்தால் இன்னும் அதிகம். எந்தப் படத்தில் நிறுத்துவது என்று கையால் தேர்ந்தெடுத்துவிட்டு அக்குள் கோட்டைத் தாண்டியது என்று கோலை ரத்து செய்துகொண்டிருந்தோம்! 2022 கத்தார் உலகக் கோப்பையில் பந்துக்குள் வைத்த உணரி விநாடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது, கூரையடியில் 12 காமிராக்கள் ஒவ்வொரு ஆட்டக்காரரின் உடம்பிலும் 29 புள்ளி வரை தொடர்ந்தன. முதல் ஆட்டத்தின் மூன்றாவது நிமிடத்திலேயே ஈக்வடாரின் என்னர் வலென்சியா அடித்த கோலை இந்த முறையில்தான் ரத்து செய்தார்கள். பிரீமியர் லீகுக்கு இது 2025 ஏப்ரலில்தான் வந்தது. அதற்கு முந்தைய மாதம் எஃப்ஏ கோப்பையில் போர்ன்மத், வுல்வ்ஸ் ஆட்டத்தில் இந்தத் தானியங்கி முறை கைகொடுக்காமல் ஒரே ஒரு கோலைச் சோதிக்க ஏறக்குறைய 8 நிமிடம் எடுத்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கோல் கோடு விஷயத்தில் விவாதமே தேவையில்லை. பந்து தாண்டினால் ஒரு விநாடிக்குள் நடுவரின் கடிகாரம் அதிர்கிறது, யாரும் ஓடிப்போய் எதையும் பார்ப்பதில்லை. அதுவும் ஒரு தடவை தோற்றது: 2020 ஜூன் 17, ஷெஃபீல்டு யுனைடெட்டுக்கு எதிரான ஆட்டத்தில் ஆஸ்டன் வில்லாவின் கோல்கீப்பர் நைலண்ட் பந்தோடு கோட்டுக்குள்ளேயே போய்விட்டார், ஆட்கள் மறைத்ததால் ஏழு காமிராவும் பார்க்கவில்லை, கடிகாரம் அதிரவில்லை. விஏஆர் அறையும் தலையிடவில்லை. ஆட்டம் 0-0, வில்லா அந்த சீசனில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் பிரீமியர் லீகில் தங்கியது. ஷெஃபீல்டு யுனைடெட் பயிற்சியாளருக்கு அழைக்கும் உரிமை இருந்திருந்தால் அந்த நொடியே கோட்டோரம் நிற்கும் நான்காவது நடுவரிடம் ஓடியிருப்பார். பாதிக்கப்பட்டவன் கேட்கும் வழி இல்லாதபோது, கேட்க வேண்டியவர் அறைக்குள் சும்மா இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

அந்த அழைப்பு முறையை ஃபிஃபா 2024-ல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் சோதித்தது. பயிற்சியாளர் விரலைச் சுழற்றிக் காட்டி, நான்காவது நடுவரிடம் ஒரு அட்டையைக் கொடுக்க வேண்டும். ஆட்டத்துக்கு இரண்டு அழைப்பு, தீர்ப்பு மாறினால் அழைப்பு கையில் தங்கும், மாறாவிட்டால் போச்சு. தனி அறை இல்லை, அறையில் ஆட்கள் இல்லை, நடுவரே மானிட்டருக்குப் போய்ப் பார்க்கிறார். செலவு குறைவு என்பதால் இத்தாலியின் சீரி சி மாதிரி கீழ்நிலை லீகுகளும் இதை எடுத்துக்கொண்டன.

குறைகள் உண்டு. காமிரா கம்மியாக இருக்கும் மைதானத்தில் மானிட்டரில் ஒன்றும் தெளிவாகத் தெரியாது. முன்னிலையில் இருக்கும் அணி 89-வது நிமிடத்தில் நேரம் கடத்த அழைக்கலாம், அந்த நேரத்தை முழுசாகச் சேர்த்துக் கொடுத்தால்தான் இது அடங்கும். இரண்டு அழைப்பையும் 30 நிமிடத்துக்குள் தீர்த்துவிட்டால் கடைசியில் நடக்கும் அநியாயத்துக்குக் கேள்வி கிடையாது. பெரிசிச் பெனால்டியை இதுவும் தடுத்திருக்காது, பிரான்ஸ் கட்டாயம் கேட்டிருக்கும், நடுவர் அதே ஸ்லோ மோஷனைத்தான் பார்த்திருப்பார். அதனால் கை, தள்ளுமுள்ளு மாதிரி விஷயங்களுக்கு உண்மையான வேகத்தில் மட்டும் ரீப்ளே காட்ட வேண்டும், மெதுவாக ஓட்டுவது பந்து எங்கே பட்டது என்று பார்ப்பதற்கு மட்டும் போதும்.

நான் தேர்ந்தெடுப்பது இதுதான்: கோல் கோடும் ஆஃப்சைடும் முழுக்க இயந்திரத்துக்கு, ஆஃப்சைடில் கிரிக்கெட்டின் அம்பயர்ஸ் கால் மாதிரி சில சென்டிமீட்டர் விட்டுக்கொடுப்போடு. மற்றதெல்லாம் பயிற்சியாளர் அழைத்தால் மட்டும். 2023 பெண்கள் உலகக் கோப்பையில் செய்தது போல, முடிவை நடுவரே மைக்கில் எல்லாருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். 2024-ல் விஏஆரை ஒழிக்க வுல்வ்ஸ் கேட்டபோது பிரீமியர் லீக் கிளப்புகள் 19-1 என்று தோற்கடித்தார்கள், ஒழிப்பதா வைத்துக்கொள்வதா என்று மட்டும் கேட்டால் அப்படித்தான் வரும். இரண்டு அழைப்பு போதுமா என்று கேட்டு ஒரு ஓட்டு வைக்கட்டும்.

அப்போது கோல் விழுந்ததும் எனக்குப் பார்க்க வேண்டியது இரண்டே இரண்டு. கொடி மேலே இருக்கிறதா, எதிரணி பயிற்சியாளர் கையில் அந்த அட்டை இருக்கிறதா. இரண்டும் இல்லையென்றால் தொண்டை கிழியக் கத்தலாம்.