நெகேமியாவுக்கு அடுத்து தோபித்தைக் காணோம்

எங்களுக்கு இடையன்குடிப் பக்கம். தாத்தா காலத்திலிருந்து சி.எஸ்.ஐ., அதாவது புராட்டஸ்டன்ட் சபை. மகளைக் கொடுத்திருப்பது உவரியில், ஆர்.சி., அதாவது கத்தோலிக்கக் குடும்பம். பைக்கில் போனால் கால் மணி நேரம். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது சம்பந்தி போன் போட்டார்.

"சம்பந்தி, திருப்பலி கிடையாது, வாசகமும் ஆசீர்வாதமும்தான். முதல் வாசகத்தை நீங்க வாசிச்சிருங்க. தோபித்து எட்டாம் அதிகாரம், நாலுல இருந்து எட்டு. நெகேமியாவுக்கு அடுத்து இருக்கும்."

முப்பது வருஷமாகக் கோயிலில் பாடம் வாசிக்கிற ஆள் நான். சரி என்று சொல்லிவிட்டு வேதாகமத்தை எடுத்தேன். நெகேமியாவுக்கு அடுத்து எஸ்தர் நிற்கிறாள். அட்டவணையில் விரல் வைத்துத் தேடினேன், அந்தப் பெயரே இல்லை. "ஓபதியாவைத்தான் மாத்திச் சொல்லியிருப்பாவ" என்றாள் வீட்டுக்காரி. ஓபதியாவுக்கு மொத்தமே ஒரு அதிகாரம்தான், எட்டாம் அதிகாரத்துக்கு எங்கே போக?

மகளிடம் கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது: கத்தோலிக்க வேதாகமத்தில் நம்மிடம் இல்லாத சில புத்தகங்கள் உண்டு, தோபித்து அதில் ஒன்று. பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினேன். முதலில் நுழைந்த கடையில் ஒரு பையன், "எல்லாம் ஒண்ணுதான் அண்ணாச்சி" என்று ஜிப் வைத்த தோல் அட்டை வேதாகமம் ஒன்றைத் தலையில் கட்டிவிட்டான். ஊசிக்கோபுரம் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டே பிரித்துப் பார்த்தால், வீட்டில் இருக்கிற அதே 66 புத்தகம். திரும்பிப் போய்க் கேட்டதற்கு மாற்றித் தர முடியாது என்றான். இரண்டாவது கடையில் ஒரு அக்கா இருந்தார். நான் வாயைத் திறந்ததுமே, "அண்ணாச்சி, உங்களுக்கு அறுபத்தாறு வேணுமா, எழுபத்து மூணு வேணுமா?" என்றார். கடை நடத்தினால் இப்படி நடத்த வேண்டும்.

வாங்கியது 'திருவிவிலியம்', பொது மொழிபெயர்ப்பு. 1995-இல் வந்தது. கத்தோலிக்கரும் நம் பக்கத்துக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து மொழிபெயர்த்தது. அரைக் கிலோ ஆட்டுக்கறி விலைதான் ஆயிற்று.

சம்பந்தி சொன்ன இடத்தில் இதிலும் தோபித்து இல்லை. அவர் வீட்டில் இருப்பது பழைய கத்தோலிக்கப் பதிப்பு, அதில் எல்லாம் கலந்து வரும். இதில் பழைய ஏற்பாடு நம்முடைய 39-ஓடு முடிகிறது. அப்புறம் 'இணைத் திருமுறை' என்று தனிப் பகுதி: தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு. ஆக ஏழு. கூடவே எஸ்தருக்கும் தானியேலுக்கும் கூடுதல் பகுதிகள். அதற்குப் பிறகு புதிய ஏற்பாடு. அதில் இரண்டு பேருக்கும் அதே 27, சண்டையே இல்லை. இப்படிப் பிரித்து வைத்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. எது யாருக்கு வேதம் என்று பக்கத்தைத் திருப்பும்போதே தெரிந்துவிடுகிறது.

எஸ்தர் இரண்டு இடத்தில் வருகிறாள். முதலில் எபிரேயத்திலிருந்து, அதில் கடவுள் என்ற சொல்லே கிடையாது. பிறகு கிரேக்கத்திலிருந்து, அதில் அவள் அழுது மன்றாடுகிறாள். மொத்த வித்தியாசத்துக்கும் வேர் இதுதான். யூதர்களின் எபிரேயப் பட்டியலை நாம் பிடித்துக்கொண்டோம். ஆதிச் சபை பெரும்பாலும் வாசித்த கிரேக்க மொழிபெயர்ப்பில் இருந்ததை அவர்கள் விடவில்லை.

எங்கள் சேகரத்துப் பெரியவர் ஒருவர், "அதெல்லாம் அவங்க பின்னால சொருகினது" என்பார். சம்பந்தி வீட்டில் கேட்டால், "உங்க லூத்தர் கிழிச்சுப் போட்டது." இரண்டும் தப்பு. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரின் 1534 ஜெர்மன் வேதாகமத்தில் அவை இரண்டு ஏற்பாட்டுக்கும் நடுவில் இருக்கின்றன. வேதத்துக்குச் சமம் இல்லை, ஆனால் வாசிக்க நல்லவை என்று குறிப்போடு. 1546-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் அவற்றையும் சேர்த்துப் பட்டியலை உறுதியாக்கியது, ஆனால் அதற்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே அவை வாசிப்பில் இருந்தவை. கால்டுவெல் ஐயர் ஊழியம் செய்த இங்கிலாந்துச் சபைக்கும் ஒரு நடுவழி இருந்தது. அவர்களுடைய 39 கொள்கைகளில் ஆறாவது, இவற்றை நல்ல நடத்தைக்காக வாசிக்கலாம், உபதேசத்துக்கு ஆதாரமாக்கக் கூடாது என்கிறது. 1611-இன் இங்கிலீஷ் வேதத்திலேயே இவை உண்டு. பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம் 1826-இல் இவற்றுக்குக் காசு செலவழிப்பதில்லை என்று முடிவெடுத்தது. அந்தச் சங்கங்களின் வழியாக வந்த வேதாகமத்தைப் பிடித்து வளர்ந்தவர்கள் நாம். அதனால்தான் எனக்கு 58 வயது வரை தோபித்து யாரென்று தெரியவில்லை.

தெரிந்திருக்க வேண்டிய ஆள்தான். முற்றத்துச் சுவர் ஓரம் படுத்திருந்தவர் கண்ணில் குருவி எச்சம் விழுந்து பார்வை போகிறது. வெளியூரில் ஒருவரிடம் கொடுத்து வைத்திருந்த பணத்தை வாங்கி வர மகன் தோபியா கிளம்புகிறான், கூடவே ஒரு நாயும் போகிறது. வழியில் பெண் பார்க்கிறார்கள். சாராவுக்கு அதற்கு முன் ஏழு மாப்பிள்ளை, ஏழு பேரையும் முதல் ராத்திரியே பேய் கொன்றிருக்கிறது. தோபியா மீனின் ஈரலையும் இதயத்தையும் தணலில் போட்டுப் புகை காட்ட, பேய் ஓடுகிறது. சாம்பிராணி போடுகிற எங்கள் ஊரில் இதற்கு விளக்கம் தேவைப்படாது. பிறகுதான் இருவரும் எழுந்து, முதுமை வரை சேர்ந்து வாழ அருள் கேட்டு ஜெபம் பண்ணுகிறார்கள். சம்பந்தி கேட்ட வாசகம் அது.

வாசகம் எட்டாம் வசனத்தில் ஏன் நிற்கிறது என்று ஒன்பதைப் பார்த்தேன். மாமனார் எழுந்துபோய், எட்டாவது மாப்பிள்ளையும் செத்திருப்பான் என்று குழி வெட்டச் சொல்கிறார்! உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்ததும், விடியுமுன் மூடச் சொல்கிறார். மாமனாராகப் போகிறவன் படிக்க வேண்டிய பகுதிதான்.

1 மக்கபேயரால் எனக்கு ஒரு பழைய முடிச்சு அவிழ்ந்தது. யோவான் 10:22-இல் 'தேவாலயப் பிரதிஷ்டை பண்டிகை' என்று எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். என்ன பண்டிகை என்று கேட்டதில்லை. நாலாம் அதிகாரத்தில் யூதா மக்கபே தீட்டுப்பட்ட ஆலயத்தைச் சுத்தம் செய்து எட்டு நாள் கொண்டாடுகிறார், அதுதான். சீராக்கு 38-ஐ ஜெபம் மட்டும் போதும் என்று சுகர் மாத்திரையை ஒதுக்குகிற என் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மருத்துவரை மதி, அவரையும் ஆண்டவர்தான் படைத்தார் என்கிறது. "அது நம்ம வேதத்துல இல்லையே" என்றார்.

2 மக்கபேயர் 12-இல்தான் நான் நின்றுவிட்டேன். போரில் செத்தவர்களின் உடைக்குள் சிலைத் தாயத்து இருக்கிறது. அவர்கள் பாவத்துக்காக யூதா சுமார் 2,000 வெள்ளி திராக்மா பிரித்து எருசலேமுக்கு அனுப்புகிறார். உத்தரிக்கிற ஸ்தலம், அதாவது செத்தவர்கள் மோட்சத்துக்கு முன் சுத்தமாகிற நிலை, உண்டு என்பதற்குக் கத்தோலிக்கர் காட்டுகிற வசனம் இது. மனதைத் தொடுகிற கதை, உபதேசமாக எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

குறை என்றால் பெயர்கள்தான். ஆதியாகமம் தொடக்கநூல், நாளாகமம் குறிப்பேடு, பிரசங்கி சபை உரையாளர். குறிப்பேடு என்றால் எனக்குப் பள்ளிக்கூட நோட்டுதான் ஞாபகம் வருகிறது. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று பழகிய வாய்க்கு "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" சுத்தமான தமிழாக இருக்கிறது, ஆனால் துக்க வீட்டில் சொல்ல வராது. கதைகளை வாசிக்க மட்டும் இதுவே சுகம். ஐந்துக்கு நாலு நட்சத்திரம். வாங்குகிறவர்கள் கடையிலேயே நடுவில் பிரித்து, மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் இடையில் தோபித்து இருக்கிறதா பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

கல்யாணத்தில் தடங்கல் இல்லாமல் வாசித்தேன். கடைசியில் "ஆண்டவரின் அருள்வாக்கு" என்று சொல்ல வேண்டும், மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். பழக்கதோஷத்தில், "இத்துடன் முதலாம் பாடம் முடிகிறது" என்று வந்துவிட்டது. உவரிக்காரர்கள் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் முழிக்க, எங்கள் பக்க வரிசையிலிருந்து வீட்டுக்காரி மட்டும் சத்தமாக ஆமென் போட்டாள்.