எச்சரிக்கை: போலி முத்திரைக் குக்கர் வெடித்தது, விற்ற கடை கைவிரித்துவிட்டது

வீட்டில் குக்கர் வைத்துச் சமைக்கும் ஒவ்வொருவரும் இதைப் படியுங்கள். கோயம்புத்தூரில் ஒரு பெரிய பாத்திரக் கடையில் 2,650 ரூபாய் கொடுத்து வாங்கிய ஐந்து லிட்டர் குக்கர் வெடித்து, என் மாமியாரின் வலது கையும் வயிறும் தொடையும் வெந்துவிட்டன. ஈரோட்டில் தனியார் மருத்துவமனைக்கு இதுவரை நாங்கள் கட்டிய தொகை 78,400 ரூபாய். விற்ற கடை ஒரு பைசா தர மாட்டேன் என்கிறது. நேற்று மாலை பேசியபோது "உங்களால் ஆனதைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். இப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில்தான் போயிருந்தோம். பழைய குக்கரைக் கொடுத்தால் புதியதில் விலை குறைப்பதாக விளம்பரம். கடை முதலாளியே எழுந்து வந்து "எந்த ஊருங்க அம்மிணி?" என்றார். ஈரோடு மாவட்டம் கோபி என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "நாங்களும் அந்தியூர்ப் பக்கம்தானுங்க. நம்ம ஊர்க்காரருக்கு மோசமான பொருளைக் கொடுப்பேனா? பெட்டியில் இருக்கிற பெயரைப் பார்க்காதீங்க, இதற்கு நான் பொறுப்பு" என்றார். அத்தையிடம் திரும்பி, "அம்மா, இது பத்து வருஷம் உழைக்கும்" என்று மூடியைத் தட்டிக் காட்டினார். அடிப்பக்கத்தில் இருந்த ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் விரல் வைத்துக் காட்டினார். அந்த ஊர்ப்பேச்சும் அந்த முத்திரையும்தான் எங்கள் கையிலிருந்த பணத்தை வாங்கின. கையில் கொடுத்தது முறையான பில் அல்ல, எஸ்டிமேட் சீட்டு. கேரண்டி அட்டைக்கு அதுவே போதும் என்று முத்திரை குத்திக் கொடுத்தார். பணத்தைக் கைப்பேசி வழியாக அனுப்பியதால் அதற்கான பதிவு இருக்கிறது.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. கொள்ளு வேக வைத்திருந்தார் அத்தை. விசில் வரவேண்டிய நேரம் தாண்டியும் சத்தமில்லை. அடுப்பை அணைக்கப் பக்கத்தில் போனார், அவ்வளவுதான். மூடி பறந்து கூரையில் மோதியது. கொதிக்கும் கொள்ளும் தண்ணீரும் அவர் மேல் கொட்டின. குக்கருக்குள் தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரி வரை சூடாகும். மூடி திறந்த நொடியில் அதில் ஒரு பங்கு ஆவியாகிச் சீறும், மிச்சம் தோலில் ஒட்டிக்கொண்டு வேக வைக்கும். கொள்ளு அப்படித்தான் அவர் கையில் ஒட்டியிருந்தது. புடவையைத் தோலிலிருந்து பிரிக்க மருத்துவமனையில் பட்ட பாட்டை நான் எழுதப் போவதில்லை. "ஒன்றுமில்லை கண்ணு, நீ அழாதே" என்று அந்த வலியிலும் என்னைத் தேற்றியவர் அவர்.

கடைக்குப் பேசினோம். முதல் பதில்: "கொள்ளுத் தோல் போய் வெயிட் குழாயை அடைத்திருக்கும். கழுவாதது உங்கள் தவறு." எவ்வளவு துணிச்சல்! பருப்பும் கொள்ளும் நுரைத்துக் குழாயை அடைக்கும் என்பது குக்கர் செய்கிறவனுக்குத் தெரியாதா? அதற்காகத்தானே மூடியில் சேஃப்டி வால்வ் என்று ஒன்று வைக்கிறார்கள். அழுத்தமும் சூடும் அளவு மீறினால் அதிலுள்ள உலோகம் உருகி ஆவிக்கு வழிவிட வேண்டும். எங்கள் மூடியில் அது உருகவே இல்லை, வைத்தது வைத்தபடி இருக்கிறது. மூடியைப் பிடித்துக்கொள்ள வேண்டிய விளிம்புப் பற்கள் மட்டும் தகரம் போல வளைந்து கிடக்கின்றன.

அடுத்த பதில்: "நாங்கள் விற்றவர்கள்தான், கம்பெனியைக் கேளுங்கள்." பெட்டியில் இருந்த முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பினோம். அப்படி ஒரு நிறுவனமே அங்கே இல்லை என்று திரும்பி வந்தது. முத்திரையின் கீழிருந்த உரிம எண்ணை, அந்த முத்திரையைத் தருகிற இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டிப் பார்த்தார் என் கணவர். அப்படி ஓர் உரிமமே இல்லை. வீட்டு உபயோகக் குக்கருக்கு ஐ.எஸ். 2347 தரச் சான்று 2021 பிப்ரவரி 1 முதல் கட்டாயம். அந்தச் சான்று இல்லாத குக்கர்கள் விற்கப்பட்டதற்காக 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பெரிய இணைய விற்பனைத் தளங்களுக்கே அபராதம் விதித்து, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. எதிரே நின்று முத்திரையைத் தொட்டுக் காட்டி விற்ற இவருக்கு மட்டும் பொறுப்பில்லையாம்.

பிறகு ஒரு நாள் குரலைத் தாழ்த்தி, "குக்கரைக் கொண்டுவந்து கொடுங்கள் அம்மிணி, பரிசோதித்துவிட்டுப் புதியது தருகிறேன்" என்றார். 78,400 ரூபாய்க்கு 2,650 ரூபாய்ப் பொருள்! அதுவும் எங்களிடம் இருக்கிற ஒரே சாட்சியை வாங்கிக்கொண்டு! கொடுக்க முடியாது என்றோம். அன்றிலிருந்து பேச்சே மாறிவிட்டது. சீட்டு என் பெயரில் இருக்கிறதாம், அடிபட்டது மாமியாராம், அதனால் கேட்க உரிமை இல்லையாம். "கோபியிலிருந்து கோயம்புத்தூர் கோர்ட்டுக்கு எத்தனை நாள் அலைவீர்கள்?" என்று சிரிப்பு வேறு.

அலைய வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், ஆகவே எங்களுக்கு ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வாங்கியவர் மட்டுமல்ல, அவர் சம்மதத்தோடு பயன்படுத்தியவரும் நுகர்வோர்தான். மனுக் கட்டணமும், எந்த ஆணையம் விசாரிக்கும் என்ற வரம்பும் நாம் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்துத்தான். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் வைக்காமல் நாமே வாதாடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக 86-ஆம் பிரிவு. தயாரித்தவர் யாரென்று தெரியாவிட்டாலோ, அவருக்கு அறிவிப்பைச் சேர்ப்பிக்க முடியாவிட்டாலோ விற்றவரே பொறுப்பு. தானாகத் தனியாக உத்தரவாதம் கொடுத்து விற்று, பொருள் அப்படி இல்லாமல் போனாலும் விற்றவரே பொறுப்பு. "இதற்கு நான் பொறுப்பு" என்று அவர் வாயால் சொன்னதைக் கேட்டவர்கள் மூன்று பேர் இருக்கிறோம். பயன்படுத்தியவர் தவறாகக் கையாண்டார் என்று நிரூபித்தால் 87-ஆம் பிரிவின் கீழ் விற்றவர் தப்பலாம், அதனால்தான் கடைக்காரர் கொள்ளுத் தோலைப் பிடித்துத் தொங்குகிறார்.

என்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன் என்றேன். அத்தைக்குக் கட்டு மாற்ற நர்ஸ் வந்துவிட்டார், அவசரமாக முடிக்கிறேன். வெடித்த குக்கரைக் கழுவாதீர்கள், யாரிடமும் கொடுக்காதீர்கள், மூடி, வெயிட், வால்வ் எல்லாவற்றையும் படம் எடுத்துப் பூட்டி வையுங்கள். ஆணையம் அதைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பச் சொல்லலாம். மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டு நகலைக் கேட்டு வாங்குங்கள், காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். மனுவுக்கு இரண்டு ஆண்டுகள்தான் காலம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். தீப்புண்ணில் மையும் பற்பசையும் எண்ணெயும் தடவ வருகிறவர்களைத் தடுத்து, குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓட விடுங்கள், பனிக்கட்டி வேண்டாம். வாங்கும்போது முத்திரையின் மேலே ஐ.எஸ். 2347 என்றும், கீழே உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து, கடையிலேயே நின்று செயலியில் தட்டிப் பாருங்கள்.

கடைக்கு அறிவிப்பு பதிவுத் தபாலில் போய்விட்டது. மருத்துவச் செலவு 78,400 ரூபாய், குக்கர் விலை 2,650 ரூபாய், அத்தை பட்ட வலிக்கும் வேலைக்குப் போக முடியாமல் கெட்ட நாட்களுக்கும் தனியாக இழப்பீடு கேட்டிருக்கிறோம். பதில் வராவிட்டால் அடுத்த வாரம் ஈரோட்டில் மனு.