ஓய்விலேயே 80 ஓடும் நாடி: பீட்டா பிளாக்கரைக் கூட்டுவதா, ஐவாபிராடின் சேர்ப்பதா?

எக்கோவில் பம்பிங், அதாவது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளித்தள்ளும் இரத்தத்தின் பங்கு, 35 சதவீதம் அல்லது அதற்கும் கீழே. கால் வீக்கம் வடிந்துவிட்டது, மாத்திரைகளும் தவறாமல் போகின்றன. ஆனாலும் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 80, 85 என்று ஓடுகிறது. இதயச் செயலிழப்பில் இந்த இடத்தில்தான் வழி இரண்டாகப் பிரிகிறது. ஏற்கெனவே எடுக்கும் பீட்டா பிளாக்கரின் அளவைக் கூட்டலாம், அல்லது ஐவாபிராடினைச் சேர்க்கலாம். நான் முதல் வழியின் பக்கம். ஐவாபிராடின் நல்ல மருந்துதான், ஆனால் அதன் முறை இரண்டாவது.

அதற்கு முன் எண்ணிக்கை சரியா என்று பார்த்துவிட வேண்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பின், மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரல் வைத்து முழு 60 நொடியும் எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு துடிப்பு பிசகினாலே கணக்கு நான்கு தவறும். இரத்தசோகை, தைராய்டு மிகைச் சுரப்பு, காய்ச்சல், தேங்கிய நீர், சால்புட்டமால் இன்ஹேலர் எல்லாமே நாடியை ஏற்றும். அவற்றை விட்டுவிட்டு எண்ணை மட்டும் அடக்கிப் பயனில்லை.

இரண்டு மருந்துமே நாடியைக் குறைக்கும். ஆனால் ஐவாபிராடின் செய்வது அதை மட்டும்தான். இதயத்தின் சைனஸ் முனையில் துடிப்பைத் தொடங்கும் மின்னோட்டத்தை அது மெதுவாக்குகிறது. பீட்டா பிளாக்கர் அதோடு நிற்பதில்லை. பலவீனமான இதயத்தை ஓயாமல் விரட்டும் அட்ரினலின் வகைச் சுரப்புகளைத் தடுக்கிறது, திடீர் மரணத்தையும் குறைக்கிறது. 1999-இல் வந்த சிபிஸ்-2 ஆய்வில் பிசோப்ரோலால் எடுத்தவர்களிடையே மொத்த இறப்பு 34 சதவீதம் குறைந்தது. அதே ஆண்டு மெரிட்-ஹெச்எஃப் ஆய்வில் மெட்டோப்ரோலால் சக்சினேட்டும் அதே அளவு பலன் காட்டியது. 2010-இல் வந்த ஷிஃப்ட் ஆய்வில் ஐவாபிராடின், இதயநோய் இறப்பையும் செயலிழப்பு மோசமாகி மருத்துவமனையில் சேர்வதையும் கூட்டிப் பார்த்ததில் 18 சதவீதம் குறைத்தது. அதில் பெரும்பங்கு மருத்துவமனைச் சேர்க்கை குறைந்ததால் வந்தது. இதயநோய் இறப்பைத் தனியாகப் பார்த்தால் உறுதியான வேறுபாடு இல்லை.

ஷிஃப்டில் இன்னொன்றும் இருக்கிறது, என் முடிவே அதன்மேல்தான் நிற்கிறது. அதில் சேர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பீட்டா பிளாக்கர் எடுத்தார்கள், ஆனால் முழு அளவை எட்டியவர்கள் ஏறக்குறைய கால்வாசிதான். பாதி அளவாவது எட்டியவர்களிடம் ஐவாபிராடினின் கூடுதல் பலன் மங்கிவிட்டது. ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, இப்போது என்ன அளவு ஓடுகிறது என்பதுதான்.

இந்த நோய்க்குத் தரும் பீட்டா பிளாக்கர்களில் கார்வெடிலால் 3.125 மி.கி. இரண்டு வேளையில் தொடங்கி 25 மி.கி. இரண்டு வேளை வரை போக வேண்டும்; எடை 85 கிலோவுக்கு மேல் என்றால் 50. பிசோப்ரோலால் 1.25-இலிருந்து 10 மி.கி. மெட்டோப்ரோலால் சக்சினேட் 12.5 அல்லது 25-இலிருந்து 200 மி.கி. குறைந்தது இரண்டு வாரத்துக்கு ஒரு படி, ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய இரட்டிப்பு. பலருடைய சீட்டில் தொடக்க அளவே ஆண்டுக்கணக்கில் அப்படியே எழுதப்பட்டு வருகிறது என்பதுதான் வருத்தம்.

ஏற்றும்போது சிக்கல் வரத்தான் செய்யும். முதல் சில வாரம் அசதி இருக்கும். பெரும்பாலும் தானே தணியும். எழுந்து நிற்கையில் தலைசுற்றினால், நீர் மாத்திரை தேவைக்கு மேல் போகிறதா என்று மருத்துவர் முதலில் அதைப் பார்ப்பார். கார்வெடிலாலை உணவோடு எடுத்தால் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்காது. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் நீர் கோர்க்கிறது என்று பொருள். வழக்கமாக நீர் மாத்திரையைத்தான் கூட்டுவார்கள், பீட்டா பிளாக்கரை எடுத்த எடுப்பில் நிறுத்துவதில்லை. நாடி 50-க்குக் கீழே போய் மயக்கமும் வந்தால் அளவு பாதியாகும். மருத்துவரைக் கேட்காமல் ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. மெட்டோப்ரோலால் அட்டையில் ‘சக்சினேட்’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘டார்ட்ரேட்’ வேறு உப்பு, இந்த நோய்க்கு நிரூபணம் சக்சினேட்டுக்குத்தான். அதை நசுக்கவோ மெல்லவோ கூடாது.

ஆஸ்துமா இருக்கிறது, இரத்த அழுத்தம் இடம் தரவில்லை, அல்லது தாங்கும் உச்ச அளவுக்குப் போயும் நாடி 70-க்குக் குறையவில்லை என்றால், ஐவாபிராடினை நானும் தயங்காமல் சொல்வேன். இரத்த அழுத்தத்தை அது ஏறக்குறைய தொடுவதே இல்லை. 5 மி.கி. இரண்டு வேளை, உணவோடு, வயதானவர்களுக்கு 2.5. இரண்டு வாரம் கழித்து நாடி 60-க்கு மேலேயே இருந்தால் 7.5. டில்டியாசெம், வெராபமில், கிளாரித்ரோமைசின் இவற்றோடு சேரக் கூடாது, கர்ப்பத்தில் கூடாது. வெளிச்சம் சட்டென்று மாறும்போது கண்ணில் ஒளிவட்டம் மின்னலாம். விழித்திரையிலும் அதே வகை மின்னோட்டம் இருப்பதால் வருவது அது, பெரும்பாலும் தானே போய்விடும். இரவில் வண்டி ஓட்டுபவர்களுக்கு மட்டும் இதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

பம்பிங் 50 சதவீதத்துக்கு மேல் உள்ளவர்களுக்கு இந்த ஒப்பீடு அப்படியே பொருந்தாது. மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் பலவீனமான பம்பிங் உள்ளவர்களிடம் நடந்தவை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் தாளக்கேடு, நிலைத்துவிட்டால் துடிப்பைத் தொடங்குவது சைனஸ் முனை அல்ல, எனவே ஐவாபிராடினுக்கு அங்கே வேலையே இல்லை. ஐவாபிராடின் எடுக்கையிலேயே இந்தத் தாளக்கேடு புதிதாகத் தொடங்கவும் கூடும். எண்ணும்போது துடிப்புகளின் இடைவெளி ஒன்றுக்கொன்று ஒட்டாமல் வந்தால், அடுத்த சோதனை நாள் வரை காத்திருக்காமல் அன்றே ஈசிஜி எடுக்க வேண்டும்.