இரண்டு ஏ4 தாளின் பலம்

"சித்தப்பா, செவ்வாய்க்குப் போறதுக்கு எந்த எஞ்சின் நல்லது?" சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக் கோப்பிக்கடையில் அண்ணன் மகன் கேட்டான். உயர்நிலை இரண்டில் படிக்கிறான். "ஆளை ஏத்திக்கிட்டா, ஆளில்லாமலா?" என்று திருப்பிக் கேட்டேன். அதைச் சொல்லாமல் எஞ்சின்களை ஒப்பிடவே முடியாது.

தரையை விட்டுக் கிளம்ப ரசாயன ராக்கெட்டை விட்டால் கதியில்லை. ஆனால் மகா ஊதாரி. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரிந்தால்கூட, வெளியேறும் வாயு வினாடிக்குச் சுமார் 4.5 கிலோமீட்டர் வேகம்தான். சில நிமிடம் எரித்துவிட்டு மீதி வழியெல்லாம் மிதந்தே போகவேண்டும். செவ்வாய்க்கு ஆறிலிருந்து ஒன்பது மாதம் ஆவது அதனால்தான்.

அயனி எஞ்சின் நேர் எதிர். சூரிய மின்சாரத்தால் செனான் வாயுவை அயனியாக்கி, அதாவது மின்னூட்டம் ஏற்றி, வினாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் துப்பும். நாசாவின் 'டான்' கலத்தில் இருந்த எஞ்சினின் முழுத் தள்ளு எவ்வளவு தெரியுமா? பையனின் பள்ளிப் பையிலிருந்து இரண்டு ஏ4 தாளை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். அந்தக் கனம்தான். "இவ்வளவுதானா?" என்று சிரித்தான். தீவு விரைவுச்சாலையில் கார் போகும் வேகத்தை எட்டவே டானுக்கு நான்கு நாள் பிடிக்கும். ஆனாலும் மாதக்கணக்கில் ஓயாமல் தள்ளியது. 2007இல் கிளம்பி, 2011இல் வெஸ்டா என்ற சிறுகோளைச் சுற்றி, அங்கிருந்து புறப்பட்டு 2015இல் சீரிஸ் என்ற குறுங்கோளையும் சுற்றியது. அதற்குமுன் எந்தக் கலமும் பூமிக்கு அப்பால் இரண்டு கோளங்களை இப்படிச் சுற்றியதில்லை.

இதற்குத் தம்பி முறை ஹால் உந்தி. இதுவும் மின்சாரத்தால் வாயுவை அயனியாக்கித் துப்புவதுதான். நம்மூர்க் கதையும் இங்கேதான் வருகிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து கிளைத்த அலியேனா நிறுவனம், சிறிய செயற்கைக்கோள்களுக்காக இதைச் செய்கிறது. 2022 ஜனவரியில் அவர்களின் உந்தி விண்ணுக்குப் போனது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் மெல்லிய காற்று செயற்கைக்கோளைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். இறங்கிய உயரத்தை மீட்க அந்தக் காகிதத் தள்ளே போதும். செனான் விலை கட்டாமல், இணையம் தரும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் முதலில் கிரிப்டானை எடுத்துக்கொண்டு பிறகு ஆர்கானுக்கு மாறின. என்னைக் கேட்டால், விண்வெளியை ஏற்கெனவே மாற்றிவிட்ட எஞ்சின் இதுதான். யாரும் கைதட்டவில்லை, அவ்வளவுதான்.

சூரிய ஒளியே தள்ளும் பாய்மரம்? ஜப்பானின் இக்காரோஸ் கலம் 2010இல் பக்கத்துக்கு 14 மீட்டர் உள்ள சதுரப் பாயை விரித்து, ஒளி தள்ளும் என்று காட்டியது. அழகு, ஆனால் சுமை ஏற்ற முடியாது. எரிபொருளே வேண்டாத 'இஎம் டிரைவ்'? ஜெர்மனியின் டிரெஸ்டனில் கவனமாக அளந்தபோது தள்ளே இல்லை.

ஆள் போவதென்றால் நான் கை காட்டுவது அணுவெப்ப எஞ்சினை. அணு உலை ஹைட்ரஜனைச் சூடாக்கி வெளியே தள்ளும். ரசாயனத்தைப்போல் சிக்கனம் இரு மடங்கு, தள்ளுவிசையும் பலமானது. பயணம் சுருங்கினால் வழியில் ஆள்மேல் படும் விண்வெளிக் கதிர்வீச்சும் குறையும். அமெரிக்கர்கள் நெவாடா பாலைவனத்தில் இதை ஓட்டியே பார்த்தார்கள். 1973இல் மூட்டை கட்டினார்கள். மறுபடி ஆரம்பித்த 'டிராகோ' திட்டமும் 2025இல் கைவிடப்பட்டது. ஆகவே இப்போதைக்கு ஆள் போனால் பழைய ரசாயன ராக்கெட்தான். அரிசியும் பருப்பும் வேண்டுமானால் முன்கூட்டியே அயனி எஞ்சினில் ஆடி அசைந்து போய்ச் சேரட்டும்.