சாட் ஹில் கல்லறை: போய்ப் பார்க்கலாமா?

'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' என்ற கௌபாய் படத்தில், சாட் ஹில் கல்லறையில் நடக்கும் உச்சக்காட்சி மனப்பாடமா? அந்த இடத்துக்குத் தாராளமாகப் போகலாம். ஸ்பெயினின் புர்கோஸ் மாகாணத்தில், சாண்டோ டொமிங்கோ டி சிலோஸ் ஊருக்கு அருகே, 1966-இல் வெளியான அந்தப் படத்துக்காக ராணுவ வீரர்கள் எழுப்பிய ஐயாயிரம் சொச்சம் பொய்க் கல்லறைகள். படப்பிடிப்புக்குப் பின் புல்லும் மண்ணும் மூடிவிட்டன. 2015 முதல் ரசிகர்களே மண்வெட்டியோடு வந்து நடுவட்டத்தின் கல்தளத்தைத் தோண்டியெடுத்தார்கள். நன்கொடை தந்தவர் பெயர் சிலுவையில் ஏறியது (உயிரோடு இருக்கும்போதே!). ஆகவே மேடுகள் பழையவை, சிலுவைகள் புதியவை.

கடைசித் தூரம் மண்பாதை. மழை பெய்தால் சேறு, தாழ்வான கார் சிக்கும். தண்ணீர் கையோடு வேண்டும். வட்டத்துக்குள் நின்றால் வளைய வரிசைகள் பிடிபடாது, சரிவில் ஏறிப் பாருங்கள். படத்தில் வெடித்துச் சிதறும் பாலத்தை இங்கே தேடாதீர்கள்; அதை எடுத்தது ஆர்லான்சா ஆற்றில்.