நோட்டுப் புத்தகமா, தனித்தாள் ஃபைலா, லேப்டாப்பா, டேப்லெட்டா: முதலாண்டில் குறிப்பெடுக்க எது?

கல்லூரியில் பாடம் நடத்துபவர் நீங்கள் எழுதி முடிக்கும்வரை காத்திருக்க மாட்டார். பேச்சின் வேகத்துக்குக் கால்வாசிகூடக் கை ஓடாது. பலகையில் பாதி, திரையில் கொஞ்சம், கையில் கொடுக்கும் அச்சுத்தாளில் கொஞ்சம், வாய்மொழியாக மீதி என்று பாடம் நாலு பக்கமும் சிதறித்தான் வரும். அதையெல்லாம் எதில் பிடித்து வைப்பது என்பதை முதல் வாரத்திலேயே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பருவத்தின் நடுவில் மாற்றினால் பாதிக் குறிப்பு ஓரிடத்திலும் மீதி வேறிடத்திலும் கிடக்கும்.

நான்கில் நான் தேர்ந்தெடுத்தது தனித்தாள் ஃபைல். கோடு போட்ட அல்லது வெற்று ஏ4 தாளில் எழுதி, துளையிட்டு, வளையத்தில் கோக்கும் முறை. ஆகவே இதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். மற்ற மூன்றுக்கும் உரிய நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நோட்டுப் புத்தகத்துக்குப் பராமரிப்பே வேண்டாம். தாள் உதிராது, வரிசை கலையாது. சிக்கல் எடையில் ஆரம்பிக்கிறது. 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 5 கிராம். 100 தாள் நோட்டு அரைக்கிலோ, ஐந்து பாடத்துக்கு இரண்டரைக் கிலோ. தூக்கச் சலித்துப்போய் எல்லாப் பாடத்தையும் ஒரே நோட்டில் எழுதி, பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தப் 'பிறகு' பெரும்பாலும் வருவதில்லை. ஒரு வகுப்பு தவறிவிட்டால் நாலு பக்கம் காலியாக விடுவோம், நண்பரின் குறிப்போ ஏழு பக்கம் இருக்கும். ஆய்வகப் பதிவேட்டுக்கு மட்டும் பக்க எண் போட்ட, தைத்த நோட்டுதான் சரி. அளவீடு எடுத்த வரிசை மாறவில்லை, இடையில் தாள் கிழிக்கப்படவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. அங்கே தனித்தாளைக் கொண்டுபோகாதீர்கள்.

லேப்டாப்பின் பலம் வேகம். அதன் பலவீனமும் அதுதான். காதில் விழுவதையெல்லாம் அப்படியே தட்டிக்கொண்டே போகலாம் என்பதால், எது முக்கியம் என்று யோசிக்கும் வேலை நின்றுபோகிறது. 2014-இல் உளவியல் ஆய்வாளர்கள் முல்லர், ஓப்பன்ஹைமர் இருவரும் வெளியிட்ட ஆய்வு, கையால் எழுதியவர்கள் கருத்துக் கேள்விகளுக்கு மேலாகப் பதில் சொன்னதாகக் காட்டியது. இதைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அதே ஆய்வை வேறொரு குழு திரும்பச் செய்து 2021-இல் வெளியிட்டபோது, சொல்லுக்குச் சொல் தட்டும் பழக்கம் மறுபடி தெரிந்தது. மதிப்பெண்ணில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. எனவே ஞாபகசக்தியைக் காரணம் காட்டி லேப்டாப்பை ஒதுக்க நான் தயாரில்லை. சமன்பாடும் படமும் வரும் பாடத்தில் கை பின்தங்குகிறது என்பதுதான் என் காரணம். ஒரு மின்சுற்றுப் படத்தைத் தாளில் அரை நிமிடத்தில் வரைந்துவிடலாம், விசைப்பலகையில் முடியாது. இன்னொன்று கவனச் சிதறல். அது திரை வைத்திருப்பவரோடு நிற்பதில்லை, அந்தத் திரை கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்திருப்பவரின் மதிப்பெண்ணும் குறைந்ததை 2013-இல் கனடாவில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. நிரலெழுதும் பாடங்களுக்கும், நீண்ட உரைநடையாகவே போகும் பாடங்களுக்கும், நெடுநேரம் எழுதினால் கை வலிக்கும் மாணவர்களுக்கும் லேப்டாப்தான் பொருத்தம்.

ஃபைலுக்கு உண்மையான போட்டி டேப்லெட். நடுவில் பக்கம் நுழைக்கலாம், இடம் மாற்றலாம், அச்சுத்தாளின் பிடிஎஃப் மேலேயே எழுதலாம். கையில் ஏற்கெனவே இருந்தால் தாராளமாக அதிலேயே தொடங்குங்கள். இரண்டு எச்சரிக்கை மட்டும். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்து வேறிடத்திலும் வையுங்கள். குறிப்புச் செயலியின் சொந்த வடிவத்தில் மட்டும் இருந்தால், செயலி மாறும் அன்று குறிப்பும் கைவிட்டுப் போகலாம். அடுத்தது, ஆறு பக்கங்களை ஒரே நேரத்தில் மேசையில் பரப்பி வைத்துப் பார்க்க முடியாது. இது அற்பமாகத் தோன்றும், தேர்வுக்கு முந்தைய வாரத்தில் அப்படித் தோன்றாது. டேப்லெட்டைப் பற்றிய என் கணிப்பு குறுகிய காலப் பயன்பாட்டை வைத்ததுதான். முழுப் படிப்பையும் அதில் ஓட்டியவர் வேறு சொன்னால் அவர் பேச்சை நம்புங்கள்.

தாள் இடம் மாறுவதில்தான் எல்லாம்

வகுப்பு நடக்கும் வரிசை வேறு, தேர்வுக்குப் படிக்கும் வரிசை வேறு. இயற்பியலில் சீரிசை இயக்கத்தின் சமன்பாட்டைப் பருவத்தின் நாலாவது வகுப்பில் வருவிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதாவது வகுப்பில் தடையுறு அலைவு வரும்போது அதே சமன்பாட்டில் ஓர் உறுப்பு கூடுகிறது. பதினோராவது வகுப்பில், நாலாவது வகுப்பில் செய்ததற்கு இன்னும் குறுக்கு வழி ஒன்றைப் போகிற போக்கில் காட்டுகிறார் ஆசிரியர். பயிற்சித்தாளில் அதை ஒட்டி ஒரு கணக்கு, பழைய வினாத்தாளில் இன்னொன்று. நோட்டில் இந்த ஐந்தும் ஐந்து இடத்தில் கிடக்கும். அச்சுத்தாள்கள் மடித்துச் செருகப்பட்டு எப்போதோ நழுவிப் போயிருக்கும். ஃபைலில் ஐந்தையும் அடுத்தடுத்துக் கோத்துவிடலாம். அப்படிக் கோக்கும் நேரத்தில்தான் இவையெல்லாம் ஒன்றையொன்று தொடுகின்றன என்பதே பலருக்கும் முதன்முதலாகப் புலப்படும். தாளை எங்கே வைப்பது என்று யோசிப்பதே பாதிப் படிப்பு.

இரண்டாவது பயன் தன்னையே சோதித்துக்கொள்வது. 2006-இல் உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகர், கார்ப்பிக்கி ஆகியோர் செய்த சோதனையில், ஒரு பகுதியை இருமுறை வாசித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 42 சதவீதத்தை நினைவில் வைத்திருந்தார்கள். ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம். தனித்தாளில் இதைச் செய்வது எளிது. குறிப்புத் தாளை உருவி அடுத்த அறையில் வையுங்கள், வெற்றுத்தாளில் நினைவிலிருந்து எழுதுங்கள், பிறகு எடுத்து ஒப்பிட்டு விட்டுப்போனதை வேறு நிற மையில் சேருங்கள். அந்தத் தாளையும் தேதி போட்டு மூலக் குறிப்புக்குப் பின்னாலேயே கோத்துவிடுங்கள். மூன்று வாரம் கழித்து மறுபடி எழுதும்போது, எந்த இடத்தில் திரும்பத் திரும்பத் தடுக்குகிறது என்பது வேறு மையின் தடத்திலேயே தெரியும்.

பக்கத்தை அமைப்பது

தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். பின்பக்கம் பிற்பாடு வரும் திருத்தத்துக்கும் சந்தேகத்துக்கும். இடது ஓரத்தில் 6 செ.மீ. விட்டு ஒரு கோடு, கீழே 5 செ.மீ. விட்டு ஒரு கோடு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் பாக் என்பவர் 1950-களில் வகுத்த அமைப்பு இது. வலப்பக்கப் பெரிய கட்டத்தில் வகுப்பில் எழுதுவது. இடது ஓரத்தில் அன்று மாலையே அந்தக் குறிப்புக்கான கேள்விகளை எழுதுவது. கீழே இரண்டு மூன்று வரியில் சாரம். துளை இடது ஓரத்தில் விழும் என்பதால் விளிம்பிலிருந்து 2 செ.மீ. வரை எதுவும் எழுதாதீர்கள்.

வலது மேல்மூலையில் பாடம், வகுப்பு எண், தாள் எண், தேதி நான்கும் கட்டாயம். 'இய-9-2' என்றால் இயற்பியல், பருவத்தின் ஒன்பதாவது வகுப்பு, இரண்டாம் தாள். இடையில் புதிதாகச் சேர்ப்பது 'இய-9-2அ'. இடம் மாற்றிக் கோத்தாலும் எண்ணை மாற்றாதீர்கள். அந்த எண்தான் தாளின் பிறப்பிடம். ஃபைல் கைதவறி விழுந்து தாள் எல்லாம் சிதறினாலும் எண் இருந்தால் கால்மணி நேரத்தில் அடுக்கிவிடலாம். இல்லாவிட்டால் ஒரு நாள் போய்விடும்.

ஃபைல் இரண்டு வகை வேண்டும். வகுப்புக்கு ஒரு மெல்லியது: 20 வெற்றுத்தாள், அன்றைய பாடங்களின் கடைசி வகுப்புத் தாள்கள். 50 தாளைத் தாண்டாது, கால்கிலோதான். அறையில் நெம்புகோல் வைத்த அகலமான ஃபைல், பாடங்களுக்கிடையே பிரிப்பு அட்டையோடு. வகுப்பு ஃபைல் தொலைந்தால்கூட ஒரு வாரக் குறிப்புதான் போகும்; நோட்டு தொலைந்தால் பருவமே போகும்.

எங்கே சொதப்பும்

துளை கிழிவது முதல் புகார். பக்கத்தைப் புரட்டாமல் இழுப்பதால் கிழிகிறது. அடிக்கடி எடுக்கும் தாள்களில் துளையைச் சுற்றி ஒட்டு வளையம் போடுங்கள், அல்லது விளிம்பில் ஒட்டும் டேப்பை ஒட்டிவிட்டு அதன்மேல் துளையிடுங்கள். வட்ட வளையத்தைவிட 'டி' வடிவ வளையம் நல்லது. தாள் நேர்ப்பக்கத்தில் சமமாக நிற்கும், மூடும்போது கடிபடாது. வளையத்தை விளிம்புவரை நிரப்பாதீர்கள், 25 மி.மீ. வளையத்தில் 150 தாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

துளை கோணலாக விழுவது அடுத்தது. இருதுளைத் தரத்தில் துளைகளுக்கு இடையே 80 மி.மீ., விளிம்பிலிருந்து 12 மி.மீ. தாளை லேசாக மடித்து நடுப்புள்ளியைக் கிள்ளி, துளைக்கருவியின் நடுக்குறியோடு பொருத்தினால் போதும். கருவியின் அளவுகோல் சட்டத்தை ஏ4-க்கு ஒருமுறை சரிசெய்துவிட்டால் அதுவும் தேவையில்லை. கருவி தாங்கும் எண்ணிக்கைக்கு மேல் செருகி அழுத்தினால் கீழ்த்தாள்களில் துளை முழுதாக விழாமல் பிய்ந்து நிற்கும்.

உண்மையில் இந்த முறையைக் கவிழ்ப்பது இவை எதுவும் அல்ல, கோக்காமல் குவியும் தாள்தான். ஐந்து பாடம், வாரத்துக்கு மூன்று வகுப்பு, வகுப்புக்கு இரண்டு தாள் என்றால் மூன்று வாரத்தில் 90 தாள். அந்தக் குவியலைப் பார்த்தாலே மனம் விட்டுப்போகும். அன்றன்று மாலை பத்து நிமிடம் ஒதுக்கினால் குவியாது. எண் சரிபார்த்து, ஓரக் கேள்வி எழுதி, அச்சுத்தாளுக்குத் துளையிட்டு, பெரிய ஃபைலுக்கு மாற்றி, நாளைக்கு வேண்டியதை எடுத்து வைப்பது, இவ்வளவுதான் வேலை. ஒருநாள் தவறினால் மறுநாள் பழையதை விட்டுவிட்டு அன்றையதை முதலில் முடியுங்கள், பிறகு நேற்றையது. இந்தப் பத்து நிமிடம் உங்களால் நிச்சயம் முடியாது என்று தெரிந்தால், பாடத்துக்கு ஒரு மெல்லிய நோட்டு வாங்குங்கள். கலைந்த ஃபைலைவிட ஒழுங்கான நோட்டு எவ்வளவோ மேல்.

பருவம் முடிந்ததும் பெரிய ஃபைலைக் காலி செய்து பாடவாரியாக நூலால் கட்டி, மேலே ஓர் உள்ளடக்கத் தாள் வையுங்கள். கணிதத்தை மட்டும் கட்ட வேண்டாம். இரண்டாம் பருவத்தின் முதல் மாதமே வகையீட்டு விதிகளும் அணிகளும் திரும்ப வரும்; அந்தப் பதினைந்து இருபது தாளைப் புதுப் பாடத்தின் பிரிப்பு அட்டைக்கு முன்னாலேயே கோத்து வைத்துவிடலாம்.