கழுத்துக் குளிர்: குன்னூர் – ஊட்டி சாலையில் ஆறு குளிர்கால அனுபவம்

குன்னூரில் வீடு, ஊட்டியில் ஓர் ஆய்வகத்தில் வேலை. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் ஆறரைக்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்பதால் ஐந்தரைக்கெல்லாம் பைக்கை எடுத்துவிடுவேன். வெலிங்டன், அரவங்காடு, எல்லநள்ளி, கேத்தி, லவ்டேல் சந்திப்பு, அப்புறம் ஊட்டி. மொத்தம் 18 கிலோமீட்டர் சொச்சம். ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் கிளம்பி 2,240 மீட்டருக்கு ஏறுகிற சாலை. டிசம்பர், ஜனவரியில் அந்த நேரத்துக்கு ஊட்டியில் 5 டிகிரி என்பது சாதாரணம். உறைபனி விழும் நாட்களில் காந்தல், தலைகுந்தா பக்கம் புல்வெளி உப்புக் கொட்டினதுபோல் கிடக்கும். ஆறு குளிர்காலமாக இந்தப் போக்குவரத்து நடக்கிறது. கழுத்துக்கு என்னென்னவோ போட்டுப் பார்த்துவிட்டேன். எது எத்தனை நாள் தாங்கியது என்பதை எழுதி வைத்தால் புதிதாக இந்தப் பக்கம் வேலைக்கு வருகிறவர்களுக்காவது பயன்படும்.

முதல் குளிர்காலத்தில் கையுறை, ஜெர்கின், இரட்டை சாக்ஸ் எல்லாம் வாங்கினேன். கழுத்தை மட்டும் கண்டுகொள்ளவில்லை. ஜெர்கின் காலர் முடியும் இடத்துக்கும் ஹெல்மெட்டின் கீழ்விளிம்புக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி, அவ்வளவுதானே என்று நினைத்தேன். ஜனவரியில் ஒரு நாள் லவ்டேல் சந்திப்புக்கு வந்தபோது தோள் இரண்டும் காது வரை ஏறி இறுகிப் போயிருந்தன. வலப்பக்கம் வண்டி வருகிறதா என்று பார்க்கத் தலையைத் திருப்பினேன். பாதி தூரம் திரும்பிய கழுத்து அங்கேயே நின்றுவிட்டது. பார்வைக்குள் வராமலே வந்த கார் ஒன்று என் ஹேண்டில்பாருக்கு ஒரு சாண் தள்ளிக் கடந்து போனது. அன்று வேலை முடியும்வரை கை நடுக்கம் நிற்கவில்லை. குளிரைப் பொறுத்துக்கொள்ளலாம் என்கிற எண்ணத்தை அன்றோடு விட்டேன். மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் முகத்தைத் திருப்பிப் பார்த்தாக வேண்டும். கழுத்து இறுகினால் பார்வை இறுகும்.

காரணம் எளிதுதான். கழுத்தின் முன்பக்கத்தில் கொழுப்பு அதிகம் இல்லை. மூளைக்குப் போகிற பெரிய ரத்தக் குழாய்கள் இரண்டும் தோலுக்கு மிக அருகில் ஓடுகின்றன; விரல் வைத்தாலே துடிப்பு தெரியும். முன்பக்கக் கண்ணாடி இல்லாத சாதாரணப் பைக்கில் நெஞ்சில் மோதும் காற்று மேல்நோக்கித் திரும்பி நேராகத் தாடைக்கு அடியில்தான் புகுகிறது. அமெரிக்காவும் கனடாவும் 2001இல் கொண்டுவந்த காற்றுக்குளிர் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். 5 டிகிரி குளிரில் 50 கிலோமீட்டர் வேகக் காற்று பட்டால் வெறும் தோலுக்கு அது மைனஸ் 1 டிகிரி போலத் தெரியும். 2 டிகிரி என்றால் மைனஸ் 5.

சாலை முழுக்க ஒரே குளிரும் கிடையாது. மேகமில்லாத, காற்றசையாத இரவுகளில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். கேத்திப் பக்கம் பள்ளத்தை ஒட்டிய திருப்பங்களில் யாரோ குளிர்ந்த ஈரத்துணியைக் கழுத்தில் போட்டதுபோல் இருக்கும். மேட்டுக்கு ஏறியதும் கொஞ்சம் தணியும். தினமும் போகிறவர்களுக்கு அந்த இடங்கள் மனப்பாடம்.

சரி, போட்டுப் பார்த்தவற்றுக்கு வருகிறேன்.

முதலில் அம்மா பின்னிய கம்பளி மஃப்ளர். நின்றுகொண்டிருக்கும்போது அதற்கு இணை எதுவும் இல்லை. பைக்கில் நாற்பதைத் தாண்டினால் பின்னலின் கண்ணிகள் வழியே காற்று உள்ளே வந்துவிடும். அதுகூடப் பரவாயில்லை. எல்லநள்ளி தாண்டி ஒரு நாள் பின்னால் வந்த வேன்காரர் ஹாரனை விடாமல் அடித்தார். ஓரம் கட்டிப் பார்த்தால், ஜெர்கினுக்குள் செருகியிருந்த முனை வெளியே வந்து பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் பறந்துகொண்டிருக்கிறது. சக்கரமோ செயினோ அதை இழுத்திருந்தால் கழுத்தைத்தான் இழுத்திருக்கும். இசடோரா டங்கன் என்ற நடனக் கலைஞர் 1927இல் பிரான்சின் நீஸ் நகரில் இப்படித்தான் இறந்தார், காரின் சக்கரத்தில் கழுத்துத் துணி சிக்கி. பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு இருக்க வேண்டும் என்று நம் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 123ஆம் விதி சொல்வதும் பின்னால் உட்காருகிறவர் உடை சிக்கக் கூடாது என்பதற்காகத்தான். ஆகவே என் முதல் விதி: முனை தொங்குகிற எதையும் பைக்கில் கழுத்தில் சுற்றக் கூடாது. துப்பட்டா, துண்டு, சால்வை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். எத்தனை இறுக்கி முடிந்தாலும் காற்று அவிழ்த்துவிடும்.

அடுத்தது மங்கி குல்லா. கடையில் எடுத்ததும் பிரச்சினை தீர்ந்தது என்று சந்தோஷப்பட்டேன். அதைப் போட்டுக்கொண்டு ஹெல்மெட்டைத் தலையில் இறக்கினால் நெற்றியில் பின்னல் விளிம்பு அழுத்தி அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும். அதைவிட முக்கியமான குறை, ஹெல்மெட் தலையோடு ஒட்டி நிற்காது. நடுவே தடித்த கம்பளி இருந்தால் தலையை ஆட்டும்போது ஹெல்மெட் தனியாக நகரும். விழுந்தால் காப்பாற்ற வேண்டிய பொருள் தலையில் வழுக்கக் கூடாது. ஹெல்மெட்டுக்குள் ஏதாவது போட வேண்டுமென்றால், தலையையும் கழுத்தையும் ஒட்டி மூடுகிற மெல்லிய துணி உறையான பாலக்லாவாதான் சரி. மங்கி குல்லாவை இப்போது தம்பி வாக்கிங்குக்குப் போடுகிறான்.

பிறகு குழாய் போலத் தைத்த துணிக்கு வந்தேன். பஃப் என்று பைக் ஓட்டுகிறவர்கள் சொல்வார்கள். உண்மையில் அது 1990களின் தொடக்கத்தில் ஸ்பெயினில் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் பெயர், நம் வாயில் பொருளுக்கே பெயராகிவிட்டது. தலை வழியே மாட்டினால் முடிந்தது, முனையே கிடையாது. 150 ரூபாய்க்கு வாங்கிய மெல்லிய பாலியெஸ்டர் குழாய் அக்டோபர் வரைக்கும் நன்றாக இருந்தது. டிசம்பரில் அரவங்காடு வருவதற்குள் மூச்சின் ஈரத்தில் நனைந்து, நனைந்த இடம் உதட்டில் ஐஸ் மாதிரி ஒட்டியது. தூசிக்கும் வெயிலுக்கும் நல்ல பொருள். குளிருக்கு இதை நம்ப வேண்டாம்.

மூன்றாம் குளிர்காலத்தில் ஃபிளீஸ் என்கிற பஞ்சுபோன்ற செயற்கைத் துணியில் தைத்த குழாய். தாவரவியல் பூங்கா பக்கம் திபெத்தியர்கள் ஸ்வெட்டர் விற்கும் கடைகளில் எடுத்தேன். தொட்டாலே கதகதப்பு. வெளியே தெரிகிற மாதிரி போட்டால் காற்று புகுந்துவிடுகிறது, ஜெர்கின் காலருக்குள் விட்டு ஜிப்பை ஏற்றினால் அருமையாக இருக்கிறது. இறுக்குவதற்கு நாடாவும் ஒரு பிளாஸ்டிக் பூட்டும் இருந்தன. அந்தப் பூட்டு ஹெல்மெட் ஸ்ட்ராப்புக்கு அடியில் மாட்டித் தொண்டையை அழுத்தியதால் நாடாவையே உருவிவிட்டேன். இரண்டு குளிர்காலம் ஓடியது. அதற்குள் உருண்டை உருண்டையாகப் பஞ்சு எழும்பி மூக்கில் ஏறத் தொடங்கிவிட்டது. மூன்று நாளைக்கு ஒரு தடவை துவைக்காவிட்டால் வாடையும் வரும்.

இந்தச் சமயத்தில்தான் விஷயம் எனக்கு முழுசாகப் புரிந்தது. கழுத்தை மட்டும் தனியாக மூடிப் பயனில்லை. தாடையிலிருந்து நெஞ்சு வரை ஒரே மூடியாக இருக்க வேண்டும், ஏனென்றால் காற்று நெஞ்சில் ஏறித்தான் கழுத்துக்கு வருகிறது. தோடர்கள் தோளிலிருந்து போர்த்தும் தடித்த வெள்ளைப் போர்வையையும் படகப் பெரியவர்களின் வெள்ளைச் சால்வையையும் இத்தனை வருடம் பார்த்தும் இது எனக்கு உறைக்கவில்லை. அவர்கள் எப்போதுமே கழுத்தையும் நெஞ்சையும் சேர்த்துத்தான் போர்த்துகிறார்கள். அதிகாலையில் பால் கொண்டுபோகிற அண்ணன் ஒருவர் ஜெர்கினுக்குள் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொள்வார். கேலி இல்லாமல் சொல்கிறேன், ஒரு நாள் பையில் எதுவும் இல்லாதபோது அதைச் செய்து பார்த்தேன், வேலை செய்கிறது. காற்றைத் தடுப்பதில் காகிதம் கெட்டி.

நான்காம் குளிர்காலத்தில், முன்பக்கம் காற்றுப் புகாத துணியும் கீழே நெஞ்சு வரை இறங்கும் மார்த்துணியும் வைத்த நெக் வார்மர் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். இன்று வரை வெளியடுக்கு அதுதான். ஐம்பதில் போனாலும் தொண்டையில் காற்று தெரியாது. குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் ஒட்டும் வெல்க்ரோ, ஜெர்கின் காலரின் பின்னலைப் பிய்த்துவிட்டது, கழுத்துப் பின்முடியையும் இழுக்கும். இப்போது வெல்க்ரோவின் முரட்டுப் பக்கம் வெளியே நீட்டாதபடி ஓரத்தை மடித்துத் தைத்திருக்கிறேன். லாரிக்குப் பின்னால் மெதுவாக ஏறும்போது உள்ளே வியர்க்கும். வியர்வை ஆறினால் மறுபடி குளிர்.

அந்த வியர்வைக்கு மருந்தாக வந்ததுதான் மெரினோ குழாய். விலை ஆயிரத்தைத் தாண்டியது. ஒரு துணித் துண்டுக்கு இத்தனையா என்று மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். வாங்கி மூன்று குளிர்காலம் ஆகிறது, பணம் வீண் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. மெரினோ ஆட்டு இழை மிக மெல்லியது, சாதாரணக் கம்பளி போலக் குத்தாது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் நனைந்த உணர்வைத் தராது. மூச்சு ஈரமும் பனிமூட்டமும் சேர்ந்து அடிக்கும் நவம்பர் காலைகளில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். வாரம் முழுக்கப் போட்டாலும் வாடை வருவதில்லை. ஆனால் தனியாக அதை மட்டும் போட்டால் காற்று ஊடுருவும். மேலே காற்றைத் தடுக்க ஏதாவது இருந்தே ஆக வேண்டும். வெந்நீரில் துவைக்கக் கூடாது, சுருங்கிவிடும். நான் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் விரித்துப் போடுகிறேன். கோடையில் பீரோவில் சும்மா மடித்து வைத்ததால் பூச்சி அரித்து ஒரு ஓட்டை விழுந்தது. இப்போது ஜிப் உள்ள பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கிறேன்.

போடுகிற முறையிலும் கவனம் வேண்டும். முதலில் மெரினோவைத் தோலோடு போடுவேன், அதன் கீழ்முனை பனியனுக்குள் போகும். மேலே நெக் வார்மர், அதன் மார்த்துணி ஸ்வெட்டருக்கு மேல், ஜெர்கினுக்கு அடியில். ஜிப்பை மேலே வரை ஏற்றிய பிறகே ஹெல்மெட். ஸ்ட்ராப்பை மாட்டும்போது துணி கொத்தாகச் சேர்ந்து அதற்கு அடியில் இருக்கக் கூடாது. துணி அமுங்கினால் ஸ்ட்ராப் தளர்ந்துவிடும், நாமோ இறுக்கமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்போம். துணியைக் கீழே தள்ளிவிட்டு, ஸ்ட்ராப்பை இறுக்கி, இரண்டு விரல் நுழைகிற அளவு இருக்கிறதா என்று பார்ப்பேன். கடைசியாக, கிளம்புமுன் தாடையை இரண்டு தோள்களுக்கும் திருப்பிப் பார்ப்பேன். துணி இழுத்துப் பிடித்தால் கழற்றி மறுபடி போடுவேன். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இந்தச் சோதனையை எவ்வளவு அவசரமானாலும் விட்டுவிடாதீர்கள்.

மூக்கை மூடலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். மூக்கு வரை ஏற்றினால் மூச்சு மேல்நோக்கிப் போய் ஹெல்மெட் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிடும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு இரட்டைத் தொல்லை. நான் கீழுதடு வரை மட்டும் ஏற்றிக்கொள்கிறேன். ஆவி படியாமல் இருக்க ஹெல்மெட் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டும் பின்லாக் படலமும் போட்டிருக்கிறேன். தாடைக்கு அடியில் மாட்டும் துணித் திரை சில ஹெல்மெட்டுகளுக்குத் தனியாகக் கிடைக்கும். அது இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து மலை ஏறி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேட்டுப்பாளையத்தில் டி-ஷர்ட் போதும்போல இருக்கும். குன்னூர் வருவதற்குள் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம் ஏறிவிடுகிறீர்கள், பத்து டிகிரி வரை குறைந்துவிடும். கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே நடுங்கிக்கொண்டு, ஓரம் கட்ட இடம் தேடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பர்லியாரில் பழக்கடைகளுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, குளிர் தெரியாதபோதே கழுத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உடம்பு சூடாக இருக்கும்போது மூடினால் அந்தச் சூடு உள்ளே நிற்கும். விறைத்த பிறகு மூடினால் மறுபடி சூடேற வெகுநேரமாகும்.

இந்த டிசம்பரில் அம்மா அந்தப் பழைய மஃப்ளரை முழுக்கப் பிரித்து, அதே கம்பளியில் குழாயாகப் பின்னிக் கொடுத்தார். அடியில் நெஞ்சு வரை ஒரு நீட்டமும் வைத்திருக்கிறார். எட்டு வாரமாக நெக் வார்மருக்கு உள்ளே, மெரினோவுக்குப் பதிலாக அதைத்தான் போடுகிறேன். மெரினோவை விடத் தடிமன், கொஞ்சம் குத்துகிறது, கதகதப்பு அதிகம். மேல்விளிம்பு மட்டும் தளர்ந்து சரிகிறது. ஞாயிற்றுக்கிழமை எலாஸ்டிக் கோத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.